வண்டலும் வனைகலமும்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிக்கு அண்மையில், 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைகையணையை நம்மிற் பலர் கண்டிருப்பர். 1895-இல் எழுந்த பெரியாற்றணையின் நீர், மலையைக் குடைந்த வழியே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்தி, எஞ்சியது ஈண்டு வந்து தேங்குகின்றது. நீரோடு மண்ணும் வருகின்றது. ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும்; நின்ற நீர் அதனைக் கீழே விடும். ஆதலின் 71 அடி நிரம்பியதென அளவுகோல் காட்டினும், உள்ள நீர் முன்னையினும் குறைவே. மதுரை, இராமநாதபுரம் வரை அந்நீரை நம்பியிருக்கும் வயல்கட்கு இஃது இழப்பன்றோ?

வாரிய சேற்றைக் கரையிற் குவித்தால், மழை அதனை மீண்டும் உள்ளே கொணரும். ஆகவே பயன்படுத்தித் தீர்த்தலே வழி. அது வயலுக்கு உரமாதல் யாவரும் அறிந்தது. கலமாதலை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

வண்டலில் மணல், நுண்மண், களி என மூன்றுண்டு. களியின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றிலொரு பங்கினும் சிறிது, தகடு போன்றது. ஈரம்பட்ட தகடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்குதலாலேயே குயவர் கையில் மண் வளைந்து கொடுக்கின்றது. களி மிகின் காய்கையில் வெடிக்கும். மணல் மிகின் வடிவம் நில்லாது. எனவே கரைத்து வடித்து, அளவறிந்து கலத்தல் வேண்டும். சூளையில் முதற்கண் ஈரம் நீங்கும். ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்குள் களியோடு பிணைந்த நீரும் அகலும். அதன்பின் அம்மண் மீண்டும் சேறாகாது. 900 பாகையளவில் துகள்கள் ஒட்டி உறுதி பெறும். காற்றுப் புகின் மண்ணிலுள்ள இரும்பு செந்நிறம் தரும். அடைத்துப் புகைமூட்டின் கருமை தோன்றும். வைகைக்கரைக் கீழடியிற் கிடைத்த கருப்பு சிவப்புக் கலங்கள் இவ்விரு நிறங்களையும் ஒருங்கே காட்டுவன.

பிறநாட்டார் துறைமுகச் சேற்றையும் செங்கல்லாக்க முயன்றுளர். கடற்சேற்றில் உப்பே இடையூறு. கழுவாது சுட்டால் செங்கலின் மேனியில் வெள்ளை பூக்கும். நன்னீரிற் படிந்த நம் வண்டலுக்கு அத்தொல்லை குறைவு.

ஏரி, கண்மாய்களில் உழவரும் குயவரும் கட்டணமின்றி வண்டல் எடுக்க வட்டாட்சியரே இசைவு தரும் முறை 2024-இல் வந்தது. நற்செயலே; ஆயினும் பானைக்கு வேண்டும் மண் சிறிது, அணையிற் கிடப்பதோ பெரிது. செங்கல்லும் ஓடும் இவ்வண்டலால் ஆகுமாயின், சூளைக்கென வயலின் மேல்மண்ணை வெட்டும் கொடுமையும் குறையும். ஒவ்வோரிடத்து மண்ணையும் ஆய்ந்து, எது எதற்கு ஏற்றதென வகுத்துரைப்பது நம் கல்லூரி ஆய்வகங்கட்கும் எட்டாத பணியன்று. அறிவியல் பயிலும் நண்பர்கள் இதனை மேற்கொள்வாராக.