கட்டைவிரலுக்கு ரசீது உண்டா?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை ஒட்டி இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 2013-ஐத் தொடர்ந்த சில ஆண்டுகள், அங்குள்ள ஓட்டலில் முன்கூட்டியே அறை எடுத்தவர்களின் வீட்டுக்குப் பயணத்துக்கு முன்பே ஒரு பெட்டி வந்து சேரும். திறந்தால் வீட்டில் ஆளுக்கொரு ரப்பர் கைப்பட்டை. அவரவர் கேட்ட நிறத்தில், உட்புறம் அவரவர் பெயர் பொறித்து. மேஜிக் பேண்ட் என்று பெயர். பிள்ளைகள் அதைக் கையிலிருந்து கழற்ற மறுத்திருந்தால் ஆச்சரியமில்லை. விடுமுறை அந்தப் பெட்டியோடேயே தொடங்கிவிட்டது.

பூங்கா வாசலில் மிக்கி மவுஸ் தலை பொறித்த கம்பம் நிற்கும். பட்டையில் உள்ள மிக்கியைக் கம்பத்து மிக்கியின் மேல் வைத்தால் பச்சை விளக்கு வட்டமாகச் சுற்றி எரியும். போகலாம். டிக்கெட், அறைச் சாவி, கிரெடிட் கார்டு, ரைடு முன்பதிவு எல்லாம் அந்த ஒரு பட்டைதான். பொம்மை வாங்கும்போது மட்டும் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். பர்ஸைத் தேட வேண்டாம், சில்லறை எண்ண வேண்டாம், சாவியை எங்கே வைத்தோம் என்று கணவனும் மனைவியும் முறைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பட்டைக்குள் இரண்டு ரேடியோக்கள் இருந்தன. ஒன்று மெட்ரோ ரயில் அட்டையில் இருப்பதைப் போன்றது. கருவிக்கு மிக அருகே கொண்டுபோனால்தான் வாய் திறக்கும். மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சொந்த பேட்டரியோடு, தன் எண்ணைத் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். சில மீட்டர் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் உள்ள கருவி அதைக் கேட்டுக்கொள்ளும். கை நீட்டத் தேவையில்லை. ரைடு வண்டியில் அலறியபடி போகும்போது எடுத்த படம் தானாக உங்கள் கணக்கில் ஏறுவதும், 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுச் சவாரி முடியும் இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லித் திரை விடைகொடுத்ததும் இந்த இரண்டாவது ரேடியோவின் வேலை.

இதன் உச்சத்தைப் பார்க்க அந்த ஆண்டுகளில் 'பி அவர் கெஸ்ட்' உணவகத்துக்குப் போயிருக்க வேண்டும். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் அரண்மனையைப் போலக் கட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தால், உள்ளே போய்ப் பிடித்த மேஜையில் உட்கார முடிந்தது. எந்த மேஜை என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நீங்கள் கேட்ட பண்டம் சரியாக உங்கள் மேஜைக்கே வந்து நிற்கும். வாசலில் வரவேற்பவருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். சமையலறைக்கு உங்கள் வருகை தெரிந்திருக்கும். குழந்தைகளுக்கு அது மந்திரம். உணவகம் நடத்திய எவரையும் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் மந்திரம்தான்.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் ஆன செலவு சுமார் 100 கோடி டாலர் என்று அன்றைய செய்திகள் சொல்லின. ஒரு பொழுதுபோக்கு நிறுவனம் வளையலுக்கா இவ்வளவு கொட்டும்? கூட்டத்துக்குத்தான் கொட்டியது. மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். வரிசையில் நிற்பவர் சாப்பிடுவதில்லை, எதையும் வாங்குவதும் இல்லை. யார் எங்கே இருக்கிறார், அடுத்து எங்கே போவார் என்பது தெரிந்தால் கூட்டத்தைப் பிரித்து அனுப்பலாம், ஊழியர்களை இடம் மாற்றலாம், நெரிசல் இல்லாமல் இன்னும் கொஞ்சம் பேரை உள்ளே விடலாம். 2013 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மேஜிக் கிங்டமில் நாளொன்றுக்கு 3,000 பேரைக் கூடுதலாக அனுமதிக்க முடிந்தது என்று முதலீட்டாளர்களிடம் நிறுவனமே பெருமையாகச் சொன்னது. மந்திரத்தின் கணக்குப் புத்தகம் அதுதான்.

கடிதமும் கோபமும்

திட்டம் 2013 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த மாதமே, அப்போது மாசசூசெட்ஸிலிருந்து நாடாளுமன்றத்தின் கீழவையில் இருந்த எட் மார்க்கி, டிஸ்னியின் தலைவர் பாப் ஐகருக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தைகளைப் பற்றி என்னென்ன திரட்டுவீர்கள், யாரிடம் பகிர்வீர்கள், அதை வைத்து அவர்களுக்கு விளம்பரம் காட்டுவீர்களா, வேண்டாம் என்பவருக்கு வழி உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். பெற்றோர் சம்மதித்தால் கதாபாத்திர வேடமிட்டவர் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம் என்ற யோசனையும் அப்போது வெளியே வந்திருந்தது. அது பலரை நெகிழவைத்தது. சிலருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

ஐகர் சில நாட்களிலேயே பதில் எழுதினார். கேலிக்குரியது, விஷயம் தெரியாமல் எழுதியது என்று கடிதத்தைக் கடிந்துகொண்டார். குழந்தைகளின் பாதுகாப்போடு விளையாடுவோம் என்று நினைத்ததே தங்களைப் புண்படுத்துவதாகச் சொன்னார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பட்டை கட்டாயமில்லை. இரண்டாவது ரேடியோ இல்லாத சாதாரண அட்டையை வாங்கிக்கொள்ளலாம். பட்டைக்குள் பெயரோ முகவரியோ கிடையாது, ஓர் எண் மட்டும்தான். ஜிபிஎஸ்ஸும் கிடையாது.

வெறும் எண்தானே என்ற சமாதானம் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. துணி வெளுக்கிறவர் சட்டைக் காலரில் போடும் குறியும் வெறும் குறிதான். யார் வீட்டுச் சட்டை என்பது அவருக்குத் தெரியும். பெயர், வயது, அறை எண், கார்டு விவரம், காலையில் எத்தனை மணிக்கு எழுந்து எந்தப் பக்கம் போனீர்கள் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. பட்டையில் இருக்கும் எண் அதைத் திறக்கும் சாவி.

'கட்டாயமில்லை' என்பதிலும் ஒரு நெளிவு உண்டு. 1999-இல் வந்த ஃபாஸ்ட் பாஸ் என்ற பழைய ரைடு முன்பதிவு முறையில், டிக்கெட்டை இயந்திரத்தில் நுழைத்தால் நேரம் அச்சிட்ட காகிதச் சீட்டு வெளியே வரும். அந்தச் சீட்டுக்கு உங்கள் பெயர் தெரியாது. 2014 தொடக்கத்தில் காகிதச் சீட்டு ஒழிந்தது. அதன்பின் ரைடு முன்பதிவு வேண்டும் என்றால் டிக்கெட் ஒரு கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். பட்டையை மறுக்கலாம், பதிவேட்டை மறுக்க முடியாது.

மார்க்கியின் கடிதம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அவர் கேட்டார், இவர் கோபித்தார், திட்டம் நடந்தது. 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலை இணையத்தில் திரட்டுவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1998 முதல் இருக்கிறது. டிஸ்னியின் துணை நிறுவனமான பிளேடம் அதை மீறியதாக எழுந்த வழக்கில் 2011-இல் 30 லட்சம் டாலர் கட்டியும் இருக்கிறது. பூங்காவில் நடந்து போகிற குழந்தைக்கு அந்தச் சட்டம் அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. மக்கள் பிரதிநிதி கையில் இருந்தது தபால்தலை மட்டும்.

ஒரு தாய் கேட்ட காகிதம்

அதே 2014-இல், சிகாகோவுக்கு வடக்கே கர்னி என்ற ஊரில் இருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவுக்கு 14 வயதுப் பையன் ஒருவன் பள்ளிச் சுற்றுலா போனான். சீசன் பாஸுக்கு அவன் அம்மா இணையத்தில் முன்பே பணம் கட்டியிருந்தார். பூங்காவில் அவன் கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தான். அட்டை கொடுத்தார்கள். இனி அட்டையும் விரலும் சேர்ந்தால் உள்ளே போகலாம்.

திரும்பி வந்த மகனிடம் அம்மா கேட்டார்: பாஸோடு ஏதாவது புத்தகம், காகிதம் கொடுத்தார்களா? இல்லை, இப்போது எல்லாமே விரல்ரேகையில்தான் என்றான் பையன். ரேகை எடுக்கப்போகிறோம் என்று அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எதற்காக எடுக்கிறார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் ஒரு வரி கிடையாது. பையன் அதற்குப் பிறகு அந்தப் பூங்காவுக்குப் போகவில்லை. அவன் ரேகை அங்கேயே இருந்தது.

இதுவே புளோரிடாவில் நடந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். டிஸ்னி வேர்ல்டின் வாசலிலும் பல ஆண்டுகளாக விரல் வைக்கிறார்கள். பல நாள் டிக்கெட்டில் மீதமிருக்கும் நாட்களை வேறொருவருக்கு விற்பதைத் தடுக்க வந்த முறை அது. 2016-இல் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளின் விரலையும் வைக்கச் சொன்னார்கள். விருப்பமில்லாத பெற்றோர் தங்கள் விரலை வைக்கலாம் என்றார்கள். ரேகையின் படத்தைச் சேமிப்பதில்லை, அதை எண்ணாக மாற்றித்தான் வைக்கிறோம் என்பது நிறுவனத்தின் விளக்கம். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்கச் சுற்றுலாப் பயணிக்கு வழியில்லை.

பையன் வாழ்ந்தது இல்லினாய் மாநிலத்தில். அங்கே 2008-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதன் பின்னணி சுவாரஸ்யமானது. மளிகைக் கடையில் விரலை வைத்தே பணம் கட்டலாம் என்று 'பே பை டச்' என்ற நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களின் ரேகையை வாங்கி வைத்திருந்தது. அது 2007-இன் இறுதியில் திவாலானது. திவாலான கடையில் மேஜை நாற்காலியை ஏலம் விடுவதைப் போல ரேகைகளையும் விற்றுவிட்டால்? கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்ற முடியுமா? இந்தப் பயத்தில் பிறந்தது சட்டம். உடல் அடையாளத்தை எடுப்பதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், எப்போது அழிப்போம் என்று வெளியிட வேண்டும். அலட்சியத்தால் மீறினால் 1,000 டாலர், தெரிந்தே மீறினால் 5,000 டாலர். முக்கியமான வரி கடைசியில் இருந்தது: பாதிக்கப்பட்டவர் நேராக நீதிமன்றம் போகலாம்.

அம்மா போனார். பூங்காவின் வாதம் எளிமையானது. ரேகை திருடுபோகவில்லை, யாருக்கும் விற்கவில்லை, பையனுக்கு ஒரு சென்ட் நஷ்டமில்லை. ஒரு படிவம் விட்டுப்போனதற்கு வழக்கா? மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 25 அன்று ஒருமனதாக மறுத்தது. கேட்காமல் எடுத்ததே கேடு, அதற்கு மேல் நஷ்டத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2021-இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் 3.6 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. இதே சட்டத்தின் கீழ், படங்களில் முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொன்னதற்காக ஃபேஸ்புக் கொடுத்தது 65 கோடி டாலர்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் தனித்தனி அபராதம் என்றால் தொழிலே படுத்துவிடும் என்று முறையிட்டன. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது எத்தனை முறை எடுத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு முறைதான் ஈடு. அதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். பல் இருக்கிறது, அது போதும்.

இதற்கிடையில் பட்டைக்கே மவுசு குறைந்துவிட்டது. 2021 முதல் டிஸ்னி அதை இலவசமாக அனுப்புவதில்லை. 2022-இல் அதிர்ந்து, ஒளிர்ந்து, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் புதிய வகை வந்தது, காசுக்கு. பெரும்பாலான வேலையைப் பார்வையாளர் கையிலிருக்கும் போனே செய்துவிடுகிறது. 100 கோடி செலவழித்து மணிக்கட்டில் கட்டியதை, மக்கள் தாங்களே விலை கொடுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அடுத்தது முகம். 2021 மார்ச்சில் மேஜிக் கிங்டம் வாசலில் ஒரு மாதம் முகம் பார்க்கும் கருவியைச் சோதித்தார்கள். அதே ஆண்டு திறந்த பெய்ஜிங் யுனிவர்சலில் முகத்தைக் காட்டியே உள்ளே போகலாம். மேஜிக் பேண்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பேட்ஜெட் கார்னிவல் கப்பல் நிறுவனத்துக்குப் போய், நாணயம் அளவுள்ள மெடாலியன் ஒன்றைப் பயணிகளிடம் கொடுத்தார். நீங்கள் அருகே வரும்போதே ஊழியர் கையிலிருக்கும் திரையில் உங்கள் படமும் பெயரும் வரும்.

பத்திரமாகத்தானே வைத்திருக்கிறார்கள் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜூலையில் டிஸ்னி ஊழியர்கள் பேசிக்கொண்டிருந்த ஸ்லாக் தளத்திலிருந்து ஒரு டெராபைட்டுக்கு மேல் திருடுபோனது. கைப்பட்டைத் தகவல் அதில் இருந்ததாகச் செய்தி இல்லை. ஓர் ஊழியரின் கணினி வழியாக இவ்வளவு போக முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். காகிதத்தில் இது அமெரிக்காவைவிடக் கண்டிப்பானது. குழந்தை என்றால் 18 வயதுக்கு உட்பட்டவர். பெற்றோரின் சம்மதத்தை உறுதிசெய்தாக வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதோ அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதோ கூடாது, அரசு விலக்கு அளித்தால் தவிர. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்த 200 கோடி யாருக்குப் போகும் என்று பார்த்தால், அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவை இந்தச் சட்டம் நீக்குகிறது. இந்தச் சட்டம் அமைக்கும் வாரியத்தின் வரம்புக்குள் வரும் விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றம் தலையிட முடியாது. வாரியத்திடம் புகார் செய்யலாம். அற்பமான புகார் என்று அது கருதினால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். கர்னியில் அந்த அம்மா கேட்ட கேள்வியைச் சென்னையில் ஓர் அம்மா கேட்டால், அவர் வழக்குப் போட முடியாது, மனுதான் போட முடியும்.