அறிகுறி போகும், வாழ்க்கை மெதுவாகத் திரும்பும்

வியன்னாவில் ஒரு கோடைக்காலம். தாகத்தில் நா வறண்டும் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் எடுப்பார். உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். சுமார் ஆறு வாரம் பழங்களைத் தின்றே தாகம் தணித்தார். ஒருநாள் ஹிப்னாடிச நிலையில் மருத்துவர் யோசப் பிராயரிடம் பேசும்போது, தன் ஆங்கிலத் தோழியின் நாய் டம்ளரில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்து அருவருத்ததையும், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் கோபத்தோடு கொட்டித் தீர்த்தார். உடனே தண்ணீர் கேட்டார். வயிறு நிறையக் குடித்தார். அந்தச் சிக்கல் அத்தோடு ஒழிந்தது.

1895-இல் பிராயரும் ஃபிராய்டும் வெளியிட்ட நூலில் பெர்த்தா 'அன்னா ஓ' என்ற மாற்றுப் பெயரில் வருகிறார். அந்த நூல் விரிவாகச் சொல்லாத பகுதிதான் முக்கியமானது. 1882-இல் பிராயரின் சிகிச்சை முடிந்த கொஞ்ச நாளிலேயே பெர்த்தா சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அதற்குப் பிறகும் பலமுறை அத்தகைய இல்லங்களில் தங்க வேண்டியிருந்தது. 1888-இல் தாயோடு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகே அவருக்கென்று ஒரு வாழ்க்கை உருவாகத் தொடங்கியது. பெண் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்தினார். 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார். ஒரு தொந்தரவு நீங்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. வாழ்க்கை எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின.

மனநல சிகிச்சைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாலைப்பொழுதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அது வராதபோது 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று நின்றுவிடுகிறார்கள். சிகிச்சையில் மாற்றம் எந்த வரிசையில் வருகிறது என்று தெரிந்திருந்தால் அவர்களில் பலர் நின்றிருக்க மாட்டார்கள்.

அந்த வரிசையை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கென்னத் ஹோவர்ட். முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளிலிருந்து 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1986-இல் அவரும் சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 8 அமர்வுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 26 அமர்வுகளில் அது முக்கால்வாசிப் பேரானது. முதல் பாதிக்கு 8. அடுத்த கால்வாசிக்கு மேலும் 18. இன்னொரு தகவலும் கிடைத்தது: நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், முதல் அமர்வு தொடங்கும் முன்பே சற்றுத் தேறியிருந்தார்கள். உதவி தேட முடிவெடுத்து நாள் குறித்ததே அவர்களைக் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கிறது.

ஏன் அப்படி? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் இதற்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் வைத்திருந்தார். சிகிச்சைக்கு வருகிறவர் நோயால் மட்டும் வருவதில்லை. தன்னால் இனி எதுவும் ஆகாது என்று மனம் விட்டுப்போய் வருகிறார் என்றார். ஹோவர்டின் குழு 1993-இல் முன்வைத்த மூன்று கட்ட மாதிரி இங்கிருந்தே தொடங்குகிறது. முதலில் விட்டுப்போன நம்பிக்கை திரும்புகிறது. இது சில அமர்வுகளிலேயே நடக்கக்கூடியது. இரண்டாவதாகத் தூக்கமின்மை, படபடப்பு, அழுகை போன்ற அறிகுறிகள் தணிகின்றன. மூன்றாவதாக, வேலை, குடும்பம், உறவு இவற்றில் ஊறிப்போன பழைய போக்குகள் மாறுகின்றன. இதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கிறது.

முதல் கட்டத்தின் தெம்பைக் குணமாகிவிட்டதாக எண்ணி நிறுத்துகிறவர் உண்டு. நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகும் கணவரிடம் அதே சண்டை நடக்கிறதே என்று மனம் உடைகிறவரும் உண்டு. இரண்டாமவருக்குச் சிகிச்சை தோற்றுவிட்டதாகப் பொருளில்லை. மூன்றாவது கட்டம் அவருக்கு இன்னும் தொடங்காமல் இருக்கலாம். ஆனால் இந்த வரிசை எல்லோருக்கும் அச்சு அசலாகப் பொருந்துவதில்லை என்பதையும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. சிலருக்கு அறிகுறிகள் முதலில் குறைகின்றன, தெம்பு பிறகு வருகிறது.

எல்லா மாற்றமும் படிப்படியாகவும் வருவதில்லை. மனச்சோர்வுக்கான அறிவாற்றல் சிகிச்சை (எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் சிகிச்சை) பெற்றவர்களின் பதிவுகளை டோனி டாங், ராபர்ட் டிரூபெய்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு, இரு அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் சோர்வு சட்டென்று பெரிய அளவில் இறங்கியிருந்தது. அந்த இறக்கத்துக்குச் சற்று முந்தைய அமர்வின் ஒலிநாடாவைக் கேட்டபோது, அவர்கள் தங்களைப் பற்றி நினைத்துவந்த விதம் அங்கேயே மாறத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இன்னும் நுட்பமாகக் காது கொடுத்தார். நோயாளிகளின் பதிவுகளை மணிக்கணக்கில் கேட்டு, மாற்றம் அவர்கள் பேசும் விதத்திலேயே தெரிகிறது என்று 1957-இல் ஓர் உரையில் விளக்கினார். அவர் கண்டது ஏழு நிலைகள். தொடக்கத்தில் மனிதர் வெளி விஷயங்களை மட்டுமே பேசுகிறார். 'ஆபீஸில் பிரச்சினை' என்பார், தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார். கொஞ்சம் போனதும், மூன்றாம் நிலையில், 'அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்' என்று பழைய உணர்ச்சிகளை எட்ட நின்று விவரிக்கிறார். சிகிச்சை தேடி வருகிறவர்கள் பலரும் ஏறக்குறைய இந்த நிலையில் இருப்பவர்களே என்றார் ரோஜர்ஸ். அதன் பிறகுதான் 'இதைச் சொல்லும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற பேச்சு வருகிறது. அடுத்த நிலையில் உடலும் சேர்ந்துகொள்கிறது: கண் கலங்குகிறது, பெருமூச்சு வருகிறது, இறுகியிருந்த தசை தளர்கிறது. ஏழாம் நிலைக்கு வந்தவருக்குச் சிகிச்சை அறையிலும் வெளியிலும் மாற்றம் ஒருபோலத் தொடர்கிறது. கேட்பவர் குறுக்கிடாமல் ஏற்றுக்கொண்டால்தான் இந்த நகர்வு நடக்கும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

எல்லோரும் முன்னேறுவதில்லை, சிலர் சிகிச்சையின்போதே மோசமாகிறார்கள். கவலைக்குரிய செய்தி என்னவென்றால், சிகிச்சையாளர் கண்ணுக்கு அது எளிதில் படுவதில்லை. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 550 பேரில் யார் யார் மோசமாவார்கள் என்று சிகிச்சையாளர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சுட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். இதைக் கண்டறிய உதவும் வகையில் உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட்டும் சகாக்களும் 45 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கியிருந்தார்கள். நோயாளி ஒவ்வோர் அமர்வுக்கு முன்பும் அதைச் சில நிமிடங்களில் நிரப்பித் தருகிறார். துயரத்தின் அளவைக் காட்டும் மதிப்பெண் எதிர்பார்த்தபடி இறங்காவிட்டால் சிகிச்சையாளருக்கு எச்சரிக்கை போகிறது; எங்கே தடைப்பட்டது என்று இருவரும் அன்றைக்கே பேச முடிகிறது.