போய் வா, செல்லமே!

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? பூனை? முயல்? கண்ணாடித் தொட்டியில் நாலு மீன்கள்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, முதலில் அவர்களைத்தானே தேடுவீர்கள்!

இந்த வாரம் கொஞ்சம் வருத்தமான விஷயம் பேசப் போகிறோம். ஆனால், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நாய்கள் பெரும்பாலும் 10 முதல் 13 ஆண்டுகள்தான் வாழும். வெள்ளெலிக்கு ஆயுள் 2, 3 ஆண்டுகள்தான். அதனால், நம் செல்லங்கள் பெரும்பாலும் நமக்கு முன்பே விடைபெற்றுவிடும். அந்த நாளில் என்ன செய்ய வேண்டும்? குப்பைத் தொட்டியில் போடுவதா? ஏரிக்கரையில் வீசுவதா? ஐயோ, மனசு கேட்குமா? நம்மையே நம்பி வாழ்ந்த உயிராயிற்றே!

நம் முன்னோர் என்ன செய்தார்கள் தெரியுமா? வாருங்கள், பார்ப்போம்.

நாய்க்கு ஒரு கல்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வயது ஏறக்குறைய 1,400 ஆண்டுகள்! எருமைகளைத் திருட வந்தவர்களோடு போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக வைத்த கல் அது. அதில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்து, காவல் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. வீரனின் பெயரோடு நாயின் பெயரையும் மறக்காமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே நடுகல் இருக்கிறது. அது இதைவிடவும் பழையது.

கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த கல்லின் கதை இன்னும் சுவையானது. கி.பி. 949-ல் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர் நடந்தது. அதில் வீரமாகச் சண்டையிட்ட மணலேரன் என்பவனிடம், 'என்ன பரிசு வேண்டும்?' என்று கேட்டார்கள். பொன்னையும் பொருளையும் அவன் கேட்கவில்லை. 'காளி' என்ற வேட்டை நாயைத்தான் கேட்டான்! பிறகு ஒருநாள் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது காளி. நாயும் இறந்தது, பன்றியும் இறந்தது. காளிக்காகக் கல் நட்டு, அந்தக் கல்லுக்குத் தவறாமல் பூஜை நடக்க நிலமும் கொடுத்தார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கிய அந்தக் கல், பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் காலத்திலும் காவல்துறை மோப்ப நாய்கள் இறந்தால் மாலை போட்டு, மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். 1993-ல் மும்பையில் குண்டுகள் வெடித்த சமயத்தில், வெடிக்காமல் கிடந்த ஏராளமான வெடிபொருட்களை மோப்பம் பிடித்துக் காட்டியது 'ஜஞ்சீர்' என்ற நாய். 2000-ல் அது இறந்தபோது காவல்துறை மரியாதையோடு அதற்கு விடைகொடுத்தது.

'எங்கள் முயல் எந்தத் திருடனையும் பிடிக்கவில்லையே! கேரட் தின்றுவிட்டுத் தூங்கியதே தவிர, வேறு ஒன்றும் செய்யவில்லையே' என்கிறீர்களா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

நோயாளி நாய்க்குட்டி!

ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடம். 1914-ல் அங்கே கல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்! சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்கள்.

அந்த நாய்க்கு 7 மாதம்தான் ஆகியிருந்தது. அதன் பற்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2018-ல் ஒரு வியப்பான தகவலை வெளியிட்டார்கள். அந்தக் குட்டிக்கு 'டிஸ்டம்பர்' என்ற கொடிய நோய் வந்திருக்க வேண்டுமாம். இப்போது நாய்க்குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அதே நோய்தான். யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்து, சுத்தம் செய்து, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் அது சீக்கிரமே இறந்திருக்கும். ஆனால், பல வாரங்கள் உயிரோடு இருந்திருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். அந்தக் குட்டியால் வேட்டைக்குப் போக முடியாது. காவல் காக்க முடியாது. ஆனாலும் கவனித்துக்கொண்டார்கள், மனிதர்களோடு சேர்த்தே புதைத்தார்கள். ஏன்? அன்புதான், வேறென்ன!

எகிப்தில் செங்கடல் ஓரத்தில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம் உண்டு. தமிழ்-பிராமி எழுத்து பொறித்த பானை ஓடு கிடைத்த ஊர் அது. நம் பக்கத்து வியாபாரிகள் அந்தக் காலத்திலேயே அங்கே போயிருக்கிறார்கள்! அங்கே கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகள் பழைமையான, செல்லப்பிராணிகளுக்கான இடுகாடு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். 500-க்கும் மேற்பட்ட விலங்குகள், பெரும்பாலும் பூனைகள். சில பூனைகளின் கழுத்தில் மணிமாலைகூட இருந்தது. துணியாலோ பானை ஓட்டாலோ மூடி, தூங்குவதுபோலப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஆக, மரியாதை பெறுவதற்கு வீரனாக இருக்க வேண்டியதில்லை. நம்மோடு வாழ்ந்தது என்ற ஒரு காரணமே போதும்!

சரி, நாம் என்ன செய்யலாம்?

* முதலில் அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்களாகவே கையால் தொட்டுத் தூக்காதீர்கள். பெரியவர்கள் கையுறை அணிந்து தூக்கட்டும்.

* இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அது யாரையாவது கடித்திருந்தாலோ, நகத்தால் கீறியிருந்தாலோ, உடனே டாக்டரிடம் போக வேண்டும். கால்நடை மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். வெறிநோய் ஆபத்தானது. கோழிகளோ பறவைகளோ ஒரே சமயத்தில் பல இறந்தாலும் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

* சொந்தத் தோட்டம் இருந்தால் அங்கேயே புதைக்கலாம். கிணறு, ஆழ்துளைக் கிணறு, குளம் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். குழி குறைந்தது 3 அடி ஆழம் இருக்கட்டும். பாலிதீன் பையில் கட்டாதீர்கள், அது மட்காது. பழைய பருத்தித் துணி போதும்.

* மண்ணை நன்றாக மூடி, மேலே கனமான கல் வையுங்கள். தெருநாய்கள் தோண்டாது.

* அடுக்குமாடி வீடா? நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலோ, கால்நடை மருத்துவரிடமோ பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். சில பெரிய நகரங்களில் செல்லப்பிராணிகளை எரியூட்டத் தனி இடங்கள் இருக்கின்றன.

* மீன் இறந்துவிட்டதா? கழிப்பறையில் போடாதீர்கள். பூந்தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைக்கலாம்.

இன்னொன்று, குட்டீஸ். மரியாதை என்பது இறந்த பிறகு மட்டும் காட்டுவது இல்லை. வயதாகிவிட்டது, நோய் வந்துவிட்டது என்று நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது பாவம் மட்டுமல்ல. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட! கண் தெரியாத கிழட்டு நாய்க்கும் அதே கிண்ணம், அதே சாக்குப் படுக்கை, அதே 'செல்லம்' என்ற குரல் வேண்டும்.

அழலாமா?

தாராளமாக அழலாம்! 'நாய்தானே, இதற்குப் போய் அழுகிறாயா?' என்று யாராவது கேலி செய்தால், கோவிவன் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி, தங்கை இருந்தால், 'டைகர் ஊருக்குப் போயிருக்கு' என்று பொய் சொல்லாதீர்கள். பாவம், தினமும் வாசலில் காத்திருப்பார்கள். 'இறந்துவிட்டது, இனி வராது' என்று மெதுவாகச் சொல்லி, அணைத்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் செய்யும்போது எல்லோரும் சுற்றி நின்று, அது செய்த குறும்புகளில் ஆளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். செருப்பைக் கடித்தது, பாலைக் கொட்டியது... அழுகைக்கு நடுவே சிரிப்பும் வரும்! பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடி நடலாம். ஒரு கல்லில் பெயிண்டால் அதன் பெயரை எழுதி வைக்கலாம்.

எடத்தனூர்க்காரர்கள் உளியால் வெட்டினார்கள். நீங்கள் தூரிகையால் எழுதப் போகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் செல்லம் இப்போது எங்கே படுத்திருக்கிறது? போய், அதன் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தால் நிரப்பி வையுங்கள். சரியா?