“அந்த பைல் எங்க போச்சு தம்பி?”

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் காட்டூர்ப் பக்கம் போனால், சாயங்கால நேரத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று திரையை மட்டும் கவனியுங்கள். செம வேடிக்கை! கல்லூரிப் பையன் பென் டிரைவைச் சொருகி, எதைக் கண்டாலும் படக் படக்கென்று இரண்டு தட்டு தட்டுகிறான். பக்கத்தில் ஒரு பெரியவர்: “வாட்ஸப்புல வந்துச்சு தம்பி, எங்க போச்சுன்னே தெரியல.” கடைக்காரர் நிமிராமலே, “டவுன்லோட்ஸ்ல இருக்கும் ஐயா.” ஆளுக்கொரு எதிர்பார்ப்பு, திரையில் இருப்பதோ அதே மஞ்சள் போல்டர்.

இந்த எதிர்பார்ப்புகளோடு மல்லுக்கட்டுவதுதான் பைல் மேனேஜர் எழுதுகிறவர்களின் வேலை. உள்ளே போய் எட்டிப் பார்ப்போமா?

2004. லினக்ஸுக்கான க்னோம் 2.6 வருகிறது. அதன் பைல் மேனேஜரான நாட்டிலஸில் ஒரு அழகான கொள்கை: ஒவ்வொரு போல்டருக்கும் தனி ஜன்னல், தனி இடம். 1984இல் மேக்கின் ஃபைண்டர் காட்டிய வழி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஐந்து போல்டர் உள்ளே போனால் திரையில் ஐந்து ஜன்னல் குவிகிறதே, அங்கேதான் வினை. ஒரே ஜன்னலில் முன்னும் பின்னும் போய்ப் பழகியவர்கள் பொறுக்கவில்லை. 2010இல் 2.30 வந்தபோது பழைய ஒற்றை ஜன்னலே மறுபடி முன்னால் வந்து நின்றது. லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான கேடிஈயின் கூட்டம் அதைவிடப் பிடிவாதம். ஒரே தட்டில் திறப்பதுதான் அவர்கள் வழக்கமாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அவர்களுடைய பிளாஸ்மா 6 வந்தபோதுதான் இரட்டைத் தட்டுக்கு இறங்கி வந்தார்கள்.

நம் ஊரிலும் இந்த எதிர்பார்ப்பு மோதல் நடந்தது. அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சி டிரைவ், டி டிரைவ் என்று தேடிப் போன கண்ணுக்கு அங்கே ‘ஹோம்’ மட்டும்!

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த மூலை: அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ இருப்பது ‘ந’வுக்கு அடுத்து. அந்த எண் வரிசைப்படியே அடுக்கினால் ‘மனு’ முந்திக்கொள்ளும், ‘மருந்துச் சீட்டு’ பின்னால் போகும். நம் அகராதியில் ‘ன’ கடைசி மெய் அல்லவா? ‘மருந்துச் சீட்டு’தான் முதலில் வர வேண்டும். மொழி வழக்கங்களைத் திரட்டி வைத்திருக்கும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தொகுப்பில் தமிழுக்கென்றே தனி வரிசை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ‘பக்கம் 10’க்கு முன் ‘பக்கம் 2’ வர வேண்டும் என்ற சின்ன ஆசையைக்கூட விண்டோஸ் எக்ஸ்புளோரர் எக்ஸ்பி காலத்தில்தான் நிறைவேற்றியது.

இன்னொரு ரகசியம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வட்டில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. ‘கோப்பு’ என்று எழுதினாலே 18 பைட் காலி! மாப்பிள்ளை, பெண், மண்டபம், முகூர்த்தம் எல்லாவற்றையும் பெயரிலேயே போட்டு அழைப்பிதழைச் சேமிக்கிறவர்களுக்கு 85 குறியீட்டோடு கதவு சாத்தப்படும். விண்டோஸில் அதே ஆள் இதைவிடத் தாராளமாக நீட்டலாம். நீட்டுகிறார்கள்.