ஒற்றுமை கட்டளையால் வருவதா?

"நாட்டைக் காப்பது பட்டாளத்தின் வேலை, படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. "பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துப் பட்டாளப் பயிற்சி கொடு, ஒற்றுமை தானே வரும்" என்போரும் உண்டு. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

1948-ல் சட்டமியற்றித் தொடங்கப்பட்டது தேசிய மாணவர் படை. அடுத்த ஆண்டே மாணவியர்க்கும் பிரிவு வந்தது. ஒற்றுமையும் கட்டுப்பாடும் அதன் குறிக்கோள்கள். துப்பாக்கி பிடிப்பது அங்கே ஒரு பகுதிதான். முகாமிலே கூடாரம் அடிக்கும் காட்சியைப் பாருங்கள்! ஒருவன் கம்பத்தைத் தாங்க, ஒருவன் கயிற்றை இழுக்க, இன்னொருவன் முளை அடிக்கிறான். ஒரு கை தளர்ந்தால், கூடாரம் எல்லோர் தலையிலும் சாயும்! மில் முதலாளியின் மகனும் மூட்டை தூக்கும் தோழரின் மகனும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பர். வகுப்பறையோ முந்துகிறவனுக்குப் பரிசு தருகிறது. அணிநடையில் ஒருவன் முந்தினாலும் வரிசை கெடும், பிந்தினாலும் கெடும். கூடி வாழும் பாடம் இதுவன்றோ!

ஆனால், இந்தப் பாடத்தைச் சட்டத்தால் திணிக்க முடியுமா? 1962-ல் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. 1963-ல் கல்லூரி மாணவர்க்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கினர். 1968-ல் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. விரும்புவோர் சேரலாம் என்றாயிற்று. பெயர் கொடுக்க வைக்கலாம். மனம் கொடுக்க வைக்க முடியுமா?

அதே 1968-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியது. மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் ஆகா என்றும் அது கூறிற்று. பாதுகாப்பை வெறுத்தா அப்படிக் கூறினர்? இல்லை! புரியாத சொல்லுக்குக் கால் அசையலாம், கருத்து ஒன்றாகுமா?

பாரம் தூக்கும் தோழர்க்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. பத்துப் பேர் ஒரே குரலெடுத்துத் தூக்கும்போது, அந்தக் குரல் பத்துப் பேருக்கும் சொந்தம். அதனால்தான் பாரம் எழுகிறது. அச்சத்தால் சேர்ந்த கைகள் மேற்பார்வையாளர் முகம் திரும்பியதும் தளரும். நம்பிக்கையால் சேர்ந்த கைகள் தளரா.

ஆகவே, தோழர்களே! உங்கள் மகனோ மகளோ மாணவர் படையில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். முகாமிலிருந்து திரும்பியதும், "எத்தனை குண்டு சுட்டாய்?" என்று மட்டும் கேளாதீர்கள். "களைத்து விழுந்தவனின் மூட்டையை யார் சுமந்தது?" என்றும் கேளுங்கள். "நாங்கள் மாறி மாறிச் சுமந்தோம்" என்று பிள்ளை சொல்லுமானால், அந்தப் பயிற்சி வென்றது; நாட்டின் காவலும் வலுத்தது!