காளையும் காலநிலையும்



சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு அருகே பஃபலோ ரோடு என்றும் கெர்பாவ் ரோடு என்றும் இரண்டு தெருக்கள் உண்டு. ஆங்கிலத்தில் பஃபலோ என்றாலும் மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். சற்றுத் தள்ளி இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரும் கண்டாங் கெர்பாவ் என்பதன் சுருக்கமே. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். பெலிலியோஸ் ரோடு என்பது கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே கால்நடை வாணிகம் செய்த பெலிலியோஸ் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாடுகள் போய்விட்டன, பெயர்கள் நிற்கின்றன. இப்போது சனவரியில் பொங்கல் விழா நடக்கும்போதுதான் குட்டி இந்தியாவில் பிள்ளைகள் மாட்டை நேரில் பார்க்கிறார்கள்.

மாட்டு வாணிகம் அந்த இடத்தில் ஏன் வளர்ந்தது? 19ஆம் நூற்றாண்டில் அது தாழ்ந்த, சதுப்பான நிலம். தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்தன. இதில் தண்ணீர் என்பது குடிப்பதற்கு மட்டும் அன்று. வெப்ப நாட்டில் எருமையும் மாடும் உடலைக் குளிர்வித்துக் கொள்ளவும் அது வேண்டும். உடல் குளிராவிட்டால் பால் குறையும் என்பது பலருக்கும் தெரியும். இனப்பெருக்கமும் குறையும் என்பதைச் சிலரே கவனிக்கிறார்கள். அதிலும் பசுவைப்பற்றி நினைப்பவர்கள் காளையைப்பற்றி நினைப்பதில்லை. ஆகவே இன்று காளையின் விந்து வளத்தைக் காலநிலை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் கூச்சப்படுவதற்கு ஒன்றுமில்லை. இது உயிரியல் பாடம். மாடு வளர்ப்பவர்களுக்கோ வயிற்றுப்பாட்டுக் கணக்கு.

தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு மாடு வளர்த்த குடும்பங்களை நாம் அறிவோம். பால் காசில்தான் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் வரும். அந்த மாடு இரண்டு முறை, மூன்று முறை காளைக்குச் சேர்த்தும் சினை பிடிக்கவில்லை என்றால் என்ன நடக்கும்? ‘மலட்டு மாடு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். தரகர் வருவார், கிடைத்த விலைக்கு அது இறைச்சிக்குப் போய்விடும். குற்றம் மாட்டின்மேல் இல்லாமல் இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் காளை பட்ட வெயிலின்மேல் இருக்கலாம். இதை அறியாததால் ஒரு குடும்பம் நல்ல கறவையை இழந்துவிடுகிறது.

காளையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் நல்ல விந்தணுக்கள் உருவாகமாட்டா. விதைகள் உடலைவிட 2 முதல் 6 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அவை வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே ஒரு பையில் தொங்குவதன் காரணம் இதுவே. வெயில் நேரத்தில் அந்தப் பையின் தசைகள் தளர்ந்து, பை கீழே இறங்கித் தொங்கும். குளிர் வந்தால் சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். பையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு. வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்கிறது.

இவற்றோடு இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. காய்ச்சிய பால் செம்பைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுகிறோம் அல்லவா? பாலின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அதுபோல, உடலிலிருந்து சூடான இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, விதையிலிருந்து குளிர்ந்த இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. கீழே இறங்கும் இரத்தம் தன் சூட்டை மேலே ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய பிறகே விதையை அடைகிறது.

இத்தனை ஏற்பாடுகளும் வெளிக்காற்றை நம்பியே இருக்கின்றன. காற்று சூடாக இருந்தால் ஏற்பாடு திணறுகிறது. காற்றில் ஈரமும் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாவதில்லை. மழைக்காலத்தில் அடுக்குமாடி வீட்டில் கழியில் போட்ட துணி நாள் முழுதும் காயாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி காயாத நாளில் மாட்டின் வியர்வையும் காயாது. ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்து, இன்று வெயில் அதிகமில்லை என்று சொல்லிவிட முடியாது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கால்நடை அறிஞர்கள் இவ்விரண்டையும் சேர்த்து வெப்ப ஈரப்பதக் குறியீடு என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் மேல்நாட்டுக் கறவை மாடுகள் வெப்பத்தால் வருந்தத் தொடங்கும் என்பது வழக்கமான அளவு. சிங்கப்பூரில் ஒரு பிற்பகலில் 32 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் குறியீடு ஏறத்தாழ 83 ஆகிறது. இரவில் 25 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 95 விழுக்காடாக ஏறினால் குறியீடு ஏறத்தாழ 76. நமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் இரவிலும் அந்த மாட்டுக்கு முழு ஓய்வு கிடைப்பதில்லை. உதகமண்டலம்போல 15 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் குறியீடு 59தான். ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபாடு பாருங்கள்.

இனி, மிக முக்கியமான செய்தி. காளையின் விந்தணு ஒரே நாளில் உருவாவதில்லை. முதல் உயிரணுவிலிருந்து வால் முளைத்த விந்தணுவாக ஆவதற்கு ஏறத்தாழ 61 நாள் பிடிக்கிறது. பின்னர் விதையை ஒட்டிய நீண்ட குழாய்ச் சுருளில் ஏறத்தாழ ஒன்றரை வாரம் பயணம் செய்து, நீந்தும் ஆற்றலைப் பெறுகிறது. ஆக மொத்தம் பத்து வாரம். கடும் வெப்பம் தாக்கும்போது பாதியில் வளர்ந்துகொண்டிருக்கும் அணுக்களே பெரிதும் கெடுகின்றன. ஏற்கெனவே முதிர்ந்து சேமிப்பில் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

எனவே வெயில் அடித்த அன்றே விந்தைச் சோதித்தால் அது நன்றாகவே இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நீந்தும் அணுக்கள் குறைந்திருக்கும். தலை உருக்குலைந்தவையும் வால் வளைந்தவையும் கூடியிருக்கும். வெப்பம் தணிந்த பிறகும் இந்தக் குறை இரண்டு மாதம்வரை நீடிக்கலாம். தமிழ்நாட்டு நாட்காட்டியை வைத்துப் பார்ப்போம். கத்திரி வெயில் சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசிப் பாதிவரை, அதாவது மே மாதத்தில் காய்கிறது. அதன் விளைவு ஆனியிலும் ஆடியிலும் தெரியும். ஆடிக் காற்று சிலுசிலுவென்று வீசும்போது பசு சினை பிடிக்கவில்லை என்றால், ‘இப்போது வெயிலே இல்லையே!’ என்று உழவர் திகைப்பார். காளைக்குள் சித்திரை வெயில் இன்னும் தீரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கோடையில் பசும்புல் குறைந்து, அதனால் உயிர்ச்சத்து ஏ குறைவதும் சேர்ந்துகொண்டால் சேதம் மேலும் கூடும்.

காய்ச்சலும் இதே கெடுதலைச் செய்யும். கோமாரி கண்டு மீண்ட காளை பார்வைக்குத் திடமாக இருக்கலாம். அதன் விந்து தேற இரண்டு, இரண்டரை மாதம் ஆகலாம். அதற்குள் அதை நம்பிப் பசுக்களைச் சேர்த்தால் பருவம் வீணாகும்.

எல்லா இனங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. காங்கேயம், சிந்தி போன்ற திமில் உள்ள நம் நாட்டு இனங்கள் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். தொங்கும் தளர்ந்த தோல், குட்டை மயிர், மிகுந்த வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை இதற்குத் துணை. அவற்றின் விதைக்குப் போகும் தமனியின் சுவரும் மெல்லியது. ஆதலால் இரத்தம் எளிதில் ஆறுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபிரீஷியன் இனம் பால் மிகுதியாகத் தரும், ஆனால் வெப்பத்துக்கு இளைத்தது. ஜெர்சி ஓரளவு தாங்கும். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஃபிரீஷியன் கலப்பு என்று வகுத்ததன் பின்னால் இந்த அறிவு இருக்கிறது. எருமையின் நிலை வேறு. அதற்குக் கறுத்த தோல், வியர்வைச் சுரப்பிகளோ மாட்டைவிட மிகக் குறைவு. சேற்றிலும் குட்டையிலும் புரள்வதுதான் அதற்குக் குளிர்சாதனம். பழைய கண்டாங் கெர்பாவைச் சதுப்பு நிலத்தில் அமைத்தவர்கள் புத்தகம் படித்து அமைக்கவில்லை, எருமையைப் பார்த்து அமைத்தார்கள். பின்னாளில் சதுப்பு தூர்க்கப்பட்டு நகரம் நெருங்கியதும் கால்நடை வாணிகம் அங்கே தேய்ந்ததில் வியப்பில்லை.

சிங்கப்பூரிலேயே ஃபிரீஷியன் மாடுகள் வளர்ந்த கதையும் உண்டு. 1930 வாக்கில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம், மேலாளர் ஃபிரெட் ஹெரன் முயற்சியால், புக்கிட் தீமா குன்றின் பக்கத்தில் ஒரு பால்பண்ணையைத் தொடங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே மேல்நாட்டு மாடுகளை வளர்ப்பது அக்காலத்தில் துணிந்த செயல். அந்த இடம் 2009இல் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று வாலஸ் கல்வி நிலையமாக மாற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் வெயில் காலமும் குளிர் காலமும் மாறி மாறி வருவதால், கெட்ட காளை தேற ஒரு பருவம் கிடைக்கிறது. சிங்கப்பூரிலோ மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் சராசரியில் சுமார் 2 டிகிரிதான் வேறுபாடு. பருவக்காற்று மாறுகிறதே தவிர வெப்பம் மாறுவதில்லை. இதன்மேல் உலக வெப்பமும் ஏறிவருகிறது. இங்கே பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான அந்த அளவு, 2023 மே மாதத்தில் அங் மோ கியோவில் மீண்டும் எட்டப்பட்டது.

இத்தகைய இடையூறுகளைத் தாண்ட மனிதன் கண்ட வழிதான் உறைவிந்து. மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் 1939இல் சம்பத்குமாரன் அவர்கள் இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கைமுறைக் கருவூட்டலைச் செய்து காட்டினார். விந்தை உறைய வைக்கும்போது கிளிசரின் சேர்த்தால் அணுக்கள் பிழைக்கும் என்பதை 1949இல் இங்கிலாந்து அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அதன் பின்னர் மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் விந்தை ஆண்டுக்கணக்கில் வைக்க முடிந்தது. நல்ல காளை ஒருமுறை தரும் விந்திலிருந்து ஏறத்தாழ 300 குச்சிகள்வரை தயாரிக்கலாம். குளிர்ந்த மலையில் வளரும் காளையிடம் நல்ல பருவத்தில் எடுத்து, சோதித்து, உறையவைத்துக் கோடையிலும் பயன்படுத்தலாம். உதகமண்டலத்தில் ஜெர்சிப் பொலிகாளைப் பண்ணை அமைந்ததன் பொருள் இதுவே. மார்கழிக் குளிரைக் குப்பியில் அடைத்துச் சித்திரைக்கு அனுப்புகிறோம் என்று சொல்லலாம்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. காளையின் வெயிலைக் கடந்துவிட்டோம், பசுவின் வெயில் இருக்கிறது. வெப்பம் மிகுந்தால் பசு பருவத்துக்கு வரும் அறிகுறிகள் மங்கிவிடும். கத்தாது, பிற மாட்டின்மேல் தாவாது. கருத்தரித்த முதல் சில நாள்களில் உடல் மிகச் சூடானால் கரு அழிந்தும் போகலாம்.

ஆகவே மாடு வளர்ப்போர் சில செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். காளைக்கு நிழலும் காற்றும் வேண்டும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் உள்ளே வெயில் குறைவாக விழும். குளிர்ந்த குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். வெயில் வேளையில் உடலை நனைத்துவிடலாம், ஆனால் காற்றோட்டம் இல்லாத இடத்தில் வெறுமனே நனைத்தால் புழுக்கமே கூடும். தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் வையுங்கள். பசு காலையில் பருவ அறிகுறி காட்டினால் அன்று மாலையிலும், மாலையில் காட்டினால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்வது நல்லது. குச்சியைக் கலத்திலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, உடனே பயன்படுத்த வேண்டும். வெயிலில் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் மலையில் செய்த வேலையெல்லாம் வீண். சினை ஊசி போட்ட பசுவை அந்த வாரம் வெயிலில் நெடுந்தூரம் நடத்தாதீர்கள். 21 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சினை பிடிக்காத பசுவை விற்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் காளைக்கு விட்ட மற்றப் பசுக்கள் சினை பிடித்தனவா? கடந்த பத்து வாரத்தில் கடும் வெயிலோ காய்ச்சலோ காளையைத் தாக்கியதா? கால்நடை மருத்துவர் பசுவையும் காளையையும் சோதித்தாரா? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் ஒரு பசுவை மலடு என்று சொல்வது நியாயம் ஆகாது. பிள்ளைப்பேறு இல்லாத வீட்டில் பெண்ணை மட்டும் குறைசொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுநாள் இருந்தது. அறிவு வளர வளர அது குறைந்துவருகிறது. அதே அறிவும் அதே நியாயமும் மாட்டுத் தொழுவத்துக்கும் வரட்டும்.