வெட்கம் மறைக்கும் நோய்

 

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு லோஞ்சில் வரும்போது ஒரு தகப்பனார் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். மகளின் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டி, “ஹஸரத், ஒழுக்கமாய் வளர்கிற பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு?” என்று கேட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. நமது நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது.

“பிள்ளை ஒழுக்கமானவள்தான். நாளை அவளுக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் உடம்பில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டேன். மனிதர் மௌனமானார்.

ஹியூமன் பபிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்பதுதான் இந்தக் கிருமியின் பெயர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இதுவே காரணமென்று கண்டறிந்த ஜெர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாவ்சனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இது பெண்களின் நோய் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்களின் ஆசனவாயில் வரும் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறளவும், ஆணுறுப்பில் வருவதில் ஏறக்குறையப் பாதியும் இதே கிருமியால் வருபவைதாம். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஊசியைப் போடுகிறார்கள்.

“நம் ஆண்களுக்குத்தான் கத்னா செய்திருக்கிறதே!” என்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அதில் பெரிய பாதுகாப்பு உண்டு. சிறுவயதில் கத்னா செய்யப்பட்டவர்களுக்கு ஆணுறுப்புப் புற்றுநோய் மிக அரிதாகவே வருகிறது. அவர்களுடைய மனைவியருக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஆபத்துக் குறைவென்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. ஆசனவாய்க்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. புகைப்பழக்கம் இவ்விரண்டு நோய்களின் ஆபத்தையும் கூட்டும். சுருட்டு மணம் அறியாத வீடு நமது தீவகத்தில் எத்தனை இருக்கிறது?

இங்கே ஒரு முக்கிய விஷயம். இந்தக் கிருமி எந்த அடையாளமும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கியிருக்கும். பெரும்பாலானோருக்குத் தானாகவே அகன்றும் விடும். இன்று கண்டுபிடிக்கப்பட்டது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. முந்திய திருமணத்தின்போது வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு கணவரைச் சந்தேகிப்பதும், மனைவியைத் தலாக் வரை கொண்டுபோவதும் பெரும் அநியாயம். அவதூறு எவ்வளவு பெரிய பாவமென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆண்கள் இதை மறைப்பார்கள். மலத்தோடு இரத்தம் போனால் “மூலம்” என்று சொல்லி, மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிடுவார்கள். உடுப்புத் துவைக்கும் நீங்கள்தான் அந்தக் கறையை முதலில் காண்கிறீர்கள்! ஆறாத புண், தடிப்பு, துர்நாற்றமுள்ள கசிவு, தொடையிடுக்கில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். மூலமாகவே இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். நெடுந்தீவுக்காரர் கடல் கடந்து, பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகவேண்டும். ஒரு நாள் தொழில் போய்விடும். அதனால்தான் “அடுத்த கிழமை பார்ப்போம்” என்கிறார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, இன மத பேதமின்றி மக்கள் திரட்டிய நிதியால் எழுந்தது அது. அது வருமுன் நம்மவர்கள் மஹரகமவுக்கல்லவா அலைந்தார்கள்!

மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்றென்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு 35 அல்லது 45 வயதானால் வெல் வுமன் கிளினிக்குக்கு நீங்களும் போய்வாருங்கள். நாள், நேரம் உங்கள் பகுதி மிட்வைஃபுக்குத் தெரியும்.

லோஞ்சு கரை சேர்ந்தபோது அந்தத் தகப்பனார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “மகனுக்கும் இந்த ஊசி கிடைக்குமா, ஹஸரத்?” என்று கேட்டார். அரசின் திட்டம் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது, மகனைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள் என்றேன். பஸ் புறப்படத் தயாராக நின்றது.